மோதிர விரலின் இடம்

விம்கோ நகர் ஷெட்டில், பூமியைத் துளைத்தெடுத்த களிமண் உருளைகளை நெடுக அறுத்துக் காயவைப்பது ரமாபாயின் வேலை. மண்ணில் லித்தியம் இருக்கிறதா என்று படமெடுத்துக் காட்டும் கேமராவுக்கு, ஈரமிருந்தால் எதுவும் தெரியாது. இதே வேலையில் இருந்த அவள் கணவன் ஜெயவேல், இங்கேயே உருளைகள் அடுக்கிய பெட்டிகள் சரிந்து செத்தான். அவன் இந்த ஷெட்டில் காலே வைத்ததில்லை என்று மேனேஜர் சாதித்துவிட்டார்.

இன்று அறுத்தது தொண்ணூறு மீட்டர் ஆழத்து மண். கண்ணுக்கு வெறும் சாம்பல் நிறம்தான். கேமராப் படத்தில், லித்தியத்தைக் காட்டும் நீல நிறத்தில், விரல் தடங்கள் தெரிந்தன. மோதிர விரலின் இடம் மட்டும் காலி.

"யாரும்மா தொட்டது?" என்றார் மேனேஜர்.

"எங்கூட்டுக்காரரு சார். அந்த வெரலு இந்த பிளேடுலதான் பூட்ச்சி."

மேனேஜர் படத்தை அழித்துவிட்டு வேறொரு உருளையை அறுக்கச் சொன்னார். அந்தப் படத்திலும் அதே விரல்கள்.

ஷெட் முழுக்க, இன்னும் அறுக்காத உருளைகளின் பெட்டிகள் அடுக்கியிருந்தன.

"மீதியும் அறுக்கட்டா சார்?" என்றாள் ரமாபாய்.