ஊமைக்கட்டை

குருநகர்த் தேத்தண்ணிக் கடையில் கிராமபோனின் பித்தளைக் குழாய் மத்தியான வெயிலில் மின்னுகிறது. கடைக்காரர் பஸ்தியாம்பிள்ளை சாவி முறுக்கி, சென்னையிலிருந்து வந்த புது இசைத்தட்டில் ஊசியை வைக்கிறார். பேர்பெற்ற நாடகக் கம்பனியின் பாட்டு. முதலடியிலேயே யுவக்கீனின் கோப்பை வாயருகில் நின்றுவிடுகிறது. அவன் கட்டிய மெட்டு அது. இரண்டு வருடத்துக்கு முன் கோயில் பெருநாளில் அவன் ஆர்மோனியம் வாசித்தபோது, இங்கே நாடகம் போட வந்திருந்த அந்தக் கம்பனிக்காரர்கள் முன்வரிசையில் இருந்து தலையாட்டினார்கள். உப்புக்காற்றில் துருவேறி அவனுடைய ஆர்மோனியப் பெட்டியில் ஒரு கட்டை ஊமை. அந்தச் சுரம் வரும் இடத்தில் ஒரு மூச்சளவு நிறுத்தித்தான் தாண்டுவான். தட்டில் பாடுகிறவரும் அதே இடத்தில் அதே மூச்சளவு நிற்கிறார். "அந்த நிப்பாட்டைக் கவனிச்சியே?" என்கிறார் பஸ்தியாம்பிள்ளை, கண்ணை மூடியபடி. "உது பெரிய வித்துவான்மாருக்குத்தான் வரும். நீயும் கேட்டுப் பழகு, தம்பி." யுவக்கீன் கோப்பையை மெல்ல வைக்கிறான். "என்ரை பெட்டியிலை அந்தக் கட்டை சத்தம் போடாது, அண்ணை. அதாலைதான் அந்த நிப்பாட்டு." "அப்ப முதல் பெட்டியைத் திருத்து," என்றபடி அவர் மறுபடி சாவியை முறுக்குகிறார். ஊசி இறங்குகிறது. அவன் இருக்கும் மர வாங்கின் விளிம்பில் யுவக்கீனின் விரல்கள் தாமாக ஓடுகின்றன. அந்த இடம் வந்ததும், பாட்டுக்கு ஒரு கணம் முந்தியே நின்று, காத்திருக்கின்றன.