பதினேழாம் எண் வில்லை

கல்லூரி நூலக வாசலில் சாயும் வெயில், ரெங்கம்மாளின் இடுப்பில் செருகியிருக்கும் கருக்கரிவாளில் மினுங்குகிறது. அறுப்பு வயலிலிருந்து நேரே வந்திருக்கிறாள்; தலையெல்லாம் வைக்கோல் தூசி. சனிக்கிழமை வாசிப்புக் கூட்டத்தில் இன்று படிக்கப்போவது அவள் மகள் செவ்வந்தி. அறுப்புக் கூலித் தகராறு முற்றி, கடைத்தெருவில் போலீஸ் வேன் நிற்கிற சமயம். "அறுவாளோட உள்ள விடமுடியாது" என்று காவலாளி கதவை மறிக்கிறார். நூலகர் ஹமீதா பானு எழுந்து வந்து, பைகளும் குடைகளும் வைக்கிற மர அடுக்கைக் காட்டுகிறார். "எல்லாரும் கையில உள்ளத இங்க வச்சுட்டுத்தாம்மா போவாங்க. நீங்களும் வைங்க." கல்லூரி முதல்வரின் குடைக்குப் பக்கத்துப் பொந்தில் அரிவாள் அடங்குகிறது. பொந்தின் எண்ணான பதினேழைப் பொறித்த பித்தளை அடையாள வில்லை ரெங்கம்மாளின் கைக்கு வருகிறது.

உள்ளே செவ்வந்தியின் குரல் முதல் வரியில் நடுங்கி, அடுத்த வரியில் நிமிர்கிறது. கடைசி பெஞ்சின் நுனியில் ரெங்கம்மாள், வில்லையை இறுக்கிப் பிடித்தபடி மகளின் உதடுகளையே பார்க்கிறாள். அவர்கள் குடிசை நிற்கிற மனையைக் காலி செய்யச் சொல்லி மிராசுதாரின் ஆட்கள் நேற்றும் வந்து போனதைச் செவ்வந்தி முன்பே சொல்லி ஹமீதா பானு அறிவார். எல்லோரும் கை தட்டுகிறார்கள். ரெங்கம்மாள் மட்டும் தட்டவில்லை; கையைத் திறந்தால் வில்லை விழுந்துவிடும்.

கூட்டம் கலைகிறது. அரிவாளை வாங்கிக்கொண்டவள், வில்லையை நீட்டியபடி காலியான பொந்தைத் தடவிப் பார்க்கிறாள்.

"அடுத்த சனிக்கிழமையும் வருவேங்க. இந்த எடத்த வேற யாருக்கும் குடுத்துடாதீங்க."

ஹமீதா பானு வில்லையை வாங்கவில்லை. அவள் விரல்களை ஒவ்வொன்றாக அதன்மேல் மடக்கிவிடுகிறார்.