கம்பி போடாத தரை

“இங்கதான் சார் இறங்குச்சு” என்று தையல்காரி மரக்கிடங்கின் பின்பக்கச் சிமெண்டுத் தரையைக் காலால் தட்டிக் காட்டினாள்.

தட்டுக்காரர் தோளில் தொங்கிய காந்தக் கருவியை இறக்காமலே நோட்டைப் பிரித்தார். நில அளவை ஆபீசில் அவருக்கு லட்சணமான பெயர் ஒன்று இருந்தது. பறக்கும் தட்டு என்று யார் போன் செய்தாலும் லீவு போட்டுவிட்டு ஓடுவதால், அந்தப் பெயர் போய் இதுவே நிலைத்துவிட்டது.

பதினோரு வருடம், நாற்பது இடம், ஒன்றில்கூடக் கருவியின் முள் அசையவில்லை. இந்தத் தடவையும் அசையாவிட்டால் கருவியைப் பரணில் ஏற்றிவிடுவதாக மனைவிக்கு வாக்குக் கொடுத்திருந்தார். காலையிலிருந்தே அவருக்கு இருப்புக் கொள்ளவில்லை.

“கையைத் தூக்கிக் காட்டுங்கம்மா. வானத்துல எந்தப் பக்கம் தெரிஞ்சுது?” சாட்சிகளிடம் அவர் கேட்கும் முதல் கேள்வி இதுதான். தூக்கிய கையை வைத்துக் கோணம் அளப்பார்.

தையல்காரி அண்ணாந்துகூடப் பார்க்கவில்லை. கழுத்தில் தொங்கிய அளவு டேப்பை விரலில் சுற்றுவதும் அவிழ்ப்பதுமாக இருந்தாள். “மேல எல்லாம் சரியா ஞாபகம் இல்ல சார். இறங்குன இடம் இது. போன மாசம் பதினாலு, சாயங்காலம் ஆறேகால். தம்பி, வீடியோ ஓடுதா?”

“மூணாவது தடவை கேக்குறீங்க. ஓடுதுக்கா” என்றான் தட்டுக்காரரின் மச்சினன். அவன் கல்யாண வீடியோ எடுப்பவன். கேமரா இல்லாமல் வரவே வேண்டாம் என்று அவள் போனில் கறாராகச் சொல்லிவிட்டதால், மாமாவுக்காகக் கடனே என்று வந்திருந்தான்.

மரக்கிடங்கு முதலாளி தலை வாரி, பவுடர் போட்டு, கேமராவுக்கு நேராக வந்து நின்றார். பறக்கும் தட்டு என்று கேட்டதும் பின்பக்க கேட்டைத் தன் கையாலேயே திறந்துவிட்டவர் அவர். “நானும் பாத்தேன் சார். தகதகன்னு ஒரு வெளிச்சம்! நம்ம கிடங்கு போர்டையும் கொஞ்சம் எடுத்துக்குங்க தம்பி.”

“வேற யாராவது பாத்தாங்களா?”

“என் தம்பி இங்கதான் லோடு இறக்குவான். அன்னைக்குச் சாயங்காலம் இங்கதான் இருந்தான்” என்றாள் தையல்காரி. “அதுக்கப்புறம் அவனைக் காணோம் சார். அவன் பைக்கையும் காணோம். போலீஸ்ல மூணு தடவை எழுதிக் கொடுத்தேன். கோபம் தணிஞ்சா தானா வருவான்னு அனுப்பிட்டாங்க.”

“நேரத்துக்கு வாடான்னு ஒரு வார்த்தை சொன்னேன். ரோஷம் வந்து வண்டியை முறுக்கிட்டுப் போயிட்டான்” என்று முதலாளி கையை உதறினார்.

தட்டுக்காரருக்கு உடம்பு சிலிர்த்தது. ‘சாட்சி மாயம், வாகனத்துடன்’ என்று எழுதி அடியில் இரண்டு கோடு போட்டார். மனிதர்களைத் தூக்கிக்கொண்டு போன தட்டுகளைப் பற்றி அவர் எவ்வளவோ படித்திருக்கிறார். எதிரே நிற்பவளுக்கு ஆறுதலாக ஒரு வார்த்தை சொல்ல வேண்டும் என்று மட்டும் அந்த மனுஷனுக்குத் தோன்றவில்லை.

“தரை புதுசா இருக்கே?”

“மறுநாள் போட்டது சார். பதினஞ்சாம் தேதி” என்றாள் தையல்காரி.

“உள்ள கம்பி கட்டியிருக்கீங்களா? கம்பி இருந்தா முள் அதுக்கே ஆடிடும்.”

“ஒரு ஆணிகூடக் கிடையாது. வெறும் ஜல்லியும் சிமெண்டும்தான். நானே கூட நின்னு போட்டேன்.” முதலாளி கேமராவைப் பார்த்து அழுத்தமாகச் சொன்னார். தன் கிடங்குக்கு வந்த தட்டை நாளைக்கு யாரும் பொய் என்று சொல்லிவிடக் கூடாதே!

தட்டுக்காரர் பெல்ட், சாவிக்கொத்து, செல்போன் எல்லாவற்றையும் கழற்றி மச்சினனிடம் கொடுத்தார். நழுவும் பேண்டை இழுத்து இழுத்து விட்டுக்கொண்டு, சுவரோரமாக அடி மேல் அடி வைத்து நடந்தார். தையல்காரி கேமராவையும் கேட்டையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

நாலாவது சுற்றில் முள் துள்ளியது.

“மாமா, நிஜமாவே ஆடுது!” மச்சினன் வாயைப் பிளந்தான்.

“மண் தரையா இருந்தப்ப இறங்கியிருக்குடா. தடம் சிமெண்டுக்குக் கீழ பத்திரமா இருக்கு!” தட்டுக்காரர் முள் துள்ளிய இடத்திலெல்லாம் சாக்பீஸால் புள்ளி வைத்தார். கண்ணில் நீர் கட்டிவிட்டது. பதினோரு வருடம் என்றால் சும்மாவா?

புள்ளிகளைச் சேர்த்துக் கோடு போட்டபோதுதான் சின்ன ஏமாற்றம். “வட்டமா வரலையே? நீளமால்ல இருக்கு!”

முதலாளி முகத்தில் சிரிப்பைக் காணோம். “கொத்தனார் ஒண்ணு ரெண்டு கம்பி போட்டிருப்பான் சார். போதும், கேமராவை நிறுத்துங்க.”

“ஒரு ஆணிகூடக் கிடையாதுன்னு இப்பதானே சொன்னீங்க?” என்று தட்டுக்காரர் வெகுளியாகக் கேட்டார்.

தையல்காரி மண்டியிட்டாள். கழுத்து டேப்பை உருவி, சாக்பீஸ் கோட்டின் மேல் விரித்தாள். டேப் போதவில்லை. அது முடிந்த இடத்தில் கட்டைவிரலை ஊன்றி மிச்சத்தையும் அளந்தாள்.

“எழுபத்தெட்டு இஞ்ச்” என்று கேமராவைப் பார்த்துச் சொன்னாள். பிறகு தட்டுக்காரரிடம் திரும்பினாள்.

“வானத்துல நான் எதையும் பாக்கல சார். என் தம்பி வண்டிக்கு உறை தச்சது இந்த அளவுக்குத்தான்.”