அக்கா எழுந்தால்

அவள் டிபன் பாக்ஸை எடுத்துக்கொண்டு ஜன்னலோர மேசைக்குப் போனாள்.

அவ்வளவுதான் செய்தாள்.

பெரிய மேசையில் உட்காரப்போன பெண்கள் ஒருகணம் தயங்கினார்கள். பிறகு ஒவ்வொருத்தியாக அவள் பின்னாலேயே வந்தார்கள். நாற்காலிகளையும் இழுத்துக்கொண்டு வந்து, இடித்துப் பிடித்து உட்கார்ந்தார்கள். ஏன் என்று யாரும் கேட்கவில்லை.

பெரிய மேசையில் ஜெனிட்டா மட்டும் மிஞ்சினாள்.

தூத்துக்குடியில் அந்தக் கப்பல் ஏஜென்சியின் கணக்குப் பிரிவில் அது எழுதாத சட்டம். அக்கா உட்கார்ந்தால் சாப்பாடு தொடங்கும். அக்கா எழுந்தால் முடியும். ஆயுத பூஜைக்கு என்ன நிறச் சேலை என்பதுகூட அவள் முகத்தைப் பார்த்துத்தான். ஊரோடு ஒத்து வாழ் என்பார்கள். இந்த ஊர் அவளோடு ஒத்து வாழ்ந்தது.

மேலாளரும் இதைக் கவனித்து வைத்திருந்தார்.

தன் தோளில் அவர் கை வைத்தார் என்று ஜெனிட்டா தலைமை அலுவலகத்துக்குப் புகார் அனுப்பினாள். மறுநாளே அவர் அக்காவைக் கூப்பிட்டார். மகள் படிப்பை முடித்துவிட்டாளா என்று விசாரித்தார். இங்கேயே ஒரு வேலை போட்டுத் தரலாம் என்றார்.

"நீங்க அந்தப் பிள்ளய ஒண்ணும் சொல்ல வேண்டாம்மா. கொஞ்சம் தள்ளி இருங்க, போதும்."

நாளை விசாரணைக்கு ஆள் வருகிறது. கண்ணால் பார்த்த இரண்டு பேரும் இப்போது ஜன்னலோர மேசையில் ரசம் ஊற்றிக்கொண்டிருந்தார்கள்.

அக்காவும் சாப்பிட்டாள். சோறு இறங்கியது. அதுதான் அவளுக்கு ஆச்சரியம். வெட்கமாக இருக்கும் என்று நினைத்திருந்தாள். ஒன்றும் இல்லை. பல் பிடுங்க ஊசி போட்ட ஈறு மாதிரி நெஞ்சு மரத்துக் கிடந்தது.

ஜெனிட்டா தலை நிமிராமல் பிசைந்துகொண்டிருந்தாள். அவளைச் சுற்றி ஒரு நாற்காலிகூட இல்லை.

அதைப் பார்த்ததும் அக்கா எழுந்துவிட்டாள். போய் அந்தப் பிள்ளை பக்கத்தில் உட்கார வேண்டும். வேறொன்றும் யோசிக்கவில்லை.

பின்னால் படபடவென்று டப்பாக்கள் மூடும் சத்தம். பாதிச் சோற்றோடு எல்லோரும் கை கழுவக் கிளம்பிவிட்டார்கள்.

அக்கா எழுந்துவிட்டாளே.

உட்கார நாற்காலி இல்லாமல் அவள் ஜெனிட்டாவின் பக்கத்தில் போய் நின்றாள்.

ஜெனிட்டா நிமிர்ந்தாள். அந்தக் கண்ணில் கொஞ்சம் கோபம் இருந்திருந்தால் அவளுக்கு நன்றாக இருந்திருக்கும்.

"நீங்களே சொல்லுங்கக்கா. புகார வாபஸ் வாங்கிரட்டுமா?"

கை கழுவும் இடத்தில் தண்ணீர்ச் சத்தம் நின்றது. எல்லோரும் அவள் முகத்தையே பார்த்தார்கள்.

வாங்காதே என்று சொல்லத்தான் வாயைத் திறந்தாள். வேலைக்கு எழுதிப் போட்டுப் போட்டு அலுத்துப்போன மகளின் முகம் வந்தது.

"மொதல்ல சாப்பிடு" என்றாள்.

"சரிக்கா."

ஜெனிட்டா கைபேசியை எடுத்து, தலைமை அலுவலகத்துக்கு அனுப்பிய புகாரைத் திறந்தாள். வலது கையெல்லாம் சோறு. பழக்கமில்லாத இடது கையால் எழுத்து எழுத்தாகத் தேடி, தப்பாகத் தட்டி, அழித்து, மறுபடி தட்டினாள். வெகுநேரம் பிடித்தது.

அக்கா பக்கத்திலேயே நின்றுகொண்டிருந்தாள்.