சிம் போட இடமில்லை

“இதுல சிம் போட இடமே இல்லையா பாய்?” கனிமொழி மறுபடியும் கேட்டாள்.

குமணன்சாவடியில் பழைய லேப்டாப் விற்கிற கடை அது. சோப்புப் பெட்டி அளவில், மூடியைத் திறந்தால் திரையும் கீபோர்டுமாக விரியும் ஒரு குட்டிக் கம்ப்யூட்டர் அவள் உள்ளங்கையில் உட்கார்ந்திருந்தது.

“போன் வராது, மெசேஜ் வராதும்மா. வைஃபை இருந்தா மெயில் பாக்கலாம், ஆபீஸ் வேலை பண்ணலாம். தலவலி இல்லாத சாமான்,” என்றார் கடைக்காரர் அப்துல் ரசாக்.

“இவளுக்கு அதான் மருந்து,” என்றான் அவள் கணவன் விஷ்ணு. “குளிக்கப் போனாக்கூட போனைத் தூக்கிட்டுப் போறா பாய். கரண்ட் அடுப்புல பால் பொங்கி வழிஞ்சாலும் கண்ணு போன்லதான்.”

“சிம்மை ஒரு பட்டன் போன்ல போட்டுக்கட்டுமே?” என்றார் ரசாக்.

“அதையும் கையிலயே வச்சிக்கிட்டு உக்காந்திருப்பா.”

“வாயை மூடு விஷ்ணு.”

அவன் சொன்னதில் பொய் இல்லை என்பதுதான் அவளுக்கு எரிச்சல். இந்தப் போன் சனியனைத் தலைமுழுகிவிடலாம் என்றுதான் கிளம்பி வந்திருந்தாள்.

அப்போது போன் அடித்தது. பாய்ந்து எடுத்தாள்.

“அக்கா, சிலிண்டர் எடுத்தாந்துக்கீறேன். ஓடிபி வந்துச்சா? சொல்லு.”

அவள் சொல்லவில்லை. “கதவை யார் தொறந்தது தம்பி?”

“பெரியவருதான்.”

“இருமுறாரா?”

“அதெல்லாம் எனக்கு இன்னாக்கா தெரியும்? நம்பரைச் சொல்லு, வண்டி நடுரோட்டுல நிக்குது.”

“போனை அவர்கிட்ட குடு. அவர்கிட்டதான் சொல்லுவேன்.”

“கனி, வேணாம்,” என்று விஷ்ணு அவள் கையைப் பிடித்தான். உதறினாள்.

அந்தப் பக்கம் யாரோ தொண்டையைச் செருமுவது கேட்டது. “அப்பா, நான்தான். ‘நம்பரைச் சொல்லு’ன்னு ஒரு வார்த்தை பேசுப்பா, போதும்.”

ஒரு மூச்சு மட்டும் வந்தது. பிறகு சிலிண்டர்காரன் குரல். “பேச மாட்டேன்றாருக்கா. போனை என் கையில திணிச்சிட்டாரு.”

ஓடிபியைச் சொல்லிவிட்டு வைத்தாள். ரசாக் தயங்கிக் கேட்டார். “யாரு ஊட்டு சிலிண்டரும்மா?”

“எங்கப்பா வீட்டுது பாய். காட்டுப்பாக்கம். அங்க படிச்சவ நான் ஒருத்திதான், அதனால கேஸுக்கு என் நம்பர். சாதி மாறிக் கட்டிக்கிட்டேன்னு ரெண்டு வருஷமா மூஞ்சில முழிக்கல. ரேஷன் கார்டுல என் பேரை எடுத்தாரு, வீட்ல இருந்த என் போட்டோவை எல்லாம் எடுத்தாரு. இந்த நம்பரை மட்டும் எடுக்கல.”

“மறந்திருப்பாருன்னு நான் சொன்னேன்,” என்றான் விஷ்ணு மெதுவாக.

“மறக்கற ஆளா அவரு? வேணும்னேதான் விட்டு வச்சிருக்காரு.” கண்ணைப் புறங்கையால் துடைத்தாள். “இத்தனை நாள் ஓடிபியைச் சொல்லிட்டு வாயை மூடிக்கிட்டுத்தான் இருந்தேன் பாய். போனை விட்டுட்டா இதுவும் போயிடுமேன்னு இன்னிக்கித்தான் அவரைப் பேசச் சொல்லிக் கேட்டுட்டேன்.”

குட்டிக் கம்ப்யூட்டரைக் கண்ணாடி மேசைமேல் வைத்தாள். “இது வேணாம். போனே இருக்கட்டும்.”

மறுபடி போன் அடித்தது. அதே எண். அப்பாவே கேட்டு வாங்கிப் பேசுகிறாரோ என்னவோ. ஸ்பீக்கரைப் போட்டாள்.

சிலிண்டர்காரன்தான். ஏதோ நல்ல சேதி சொல்பவன் போல உற்சாகமாகச் சொன்னான்.

“இனிமே உனக்குத் தொந்தரவே இல்லக்கா, பெரியவரு உன் நம்பரை எடுத்துட்டு எதிர் ஊட்டு நம்பரைப் போடச் சொல்லிட்டாரு!”