தேசாதிபதி தவராசா

“தவராசா அண்ணை, தேசாதிபதி அவளை மன்னிச்சு விட்டால் நாடகம் அதோடை முடிஞ்சுதெல்லோ! பிறகு ஆர் வேதசாட்சி?”

ஞானப்பிரகாசம் கையிலிருந்த வசனக் கொப்பியால் தன் நெற்றியிலேயே அடித்துக்கொண்டார்.

மேடையில் நின்ற தவராசா உரோமைத் தலைக்கவசத்தைக் கழற்றினார். கார்னிவல் கடையில் வாங்கிய பிளாஸ்டிக். உள்ளே வியர்த்துக் கொட்டியது.

“பிழைச்சுப் போச்சு தம்பி. திருப்பிச் சொல்லுறன்.”

“மூண்டு தரம் பிழைச்சுப் போச்சு. ‘இவளை வாளுக்கு இரையாக்குங்கள்.’ அவ்வளவுதான் வசனம். நீங்கள் ‘இவளை விட்டுவிடுங்கள்’ எண்டுறியள். விடிஞ்சால் நாடகம்!”

தொண்ணூற்றாறாம் ஆண்டு, பெப்ரவரி. ஸ்டுட்கார்ட்டில் அந்தக் கத்தோலிக்கக் கோயில் மண்டபத்தைப் பின்னேரம் ஐந்து மணிவரைதான் தந்திருந்தார்கள்.

கொழும்பில் விசாவுக்காக இரண்டு வருடம் காத்துக்கிடந்த மனைவி டொறத்தி பத்திரமாக வந்து சேர்ந்தால், மன்னாரில் தங்கள் ஊரில் போடுகிற, வேதத்துக்காக உயிர்விட்ட உரோமாபுரி வேதசாட்சியின் நாடகத்தை இங்கேயும் போடுவதாக ஞானப்பிரகாசம் மாதாவுக்கு நேர்ந்திருந்தார். டொறத்தி வந்துவிட்டாள். நேர்த்திதான் நிறைவேற வேண்டும்.

ஆனால் தேசாதிபதியாக நடிக்கக் கத்தோலிக்கர் ஒருவரும் சம்மதிக்கவில்லை. வேதசாட்சியைக் கொல்லச் சொன்ன வாய்க்கு அந்த வருடம் நல்லது நடக்காது என்பது ஊர் நம்பிக்கை. ஒருவர் அகதி வழக்கு இருக்கிறது என்றார். இன்னொருவர் மனைவி பிள்ளைத்தாய்ச்சி என்றார். “நான் சைவக்காரன்தானே, எனக்கு ஒண்டும் செய்யாது” என்று தானாக வந்து நின்றவர் தவராசா.

“இப்ப நீங்களும் பயப்பிடுறியளோ அண்ணை?”

“எனக்கென்ன பயம்? விளங்கேல்லை தம்பி, அதுதான் நாக்குப் புரளுது.”

“என்ன விளங்கேல்லை?”

“உரோமாபுரியிலை நூறு சாமி எண்டுறீர். நூற்றியோராவதா உங்கடையவரையும் வைச்சிருக்கலாமெல்லோ? எங்கட வீட்டிலை பிள்ளையாருக்குப் பக்கத்திலை மடு மாதா நிக்கிறா. ரெண்டுபேரும் சண்டையோ பிடிக்கினம்?”

“தேசாதிபதியும் அதைத்தான் கேட்டவன். இவள் மாட்டன் எண்டிட்டாள்.”

“உரோமைச் சாமியளுக்கு ஒரு சிட்டிகை சாம்பிராணி, அவ்வளவுதானே கேட்டவன்! அதைப் போட்டிட்டு மனசுக்குள்ளை தன்ரை சாமியைக் கும்பிட்டிருக்கலாம்.”

“அப்பிடிப் போட்டுத் தப்பினவையும் இருக்கினம். அவையைப் பற்றி ஆர் அண்ணை நாடகம் போடுறது?”

வேதசாட்சியாக நடித்த டெல்சி களுக்கென்று சிரித்தாள். பத்தொன்பது வயது, பல் வைத்தியரிடம் வேலை பழகுகிறாள். கயிற்றால் கட்டிய கைகளோடு மேடை விளிம்பில் உட்கார்ந்திருந்தாள்.

தவராசா சிரிக்கவில்லை. “இவளுக்குத் தாய் தகப்பன் இல்லையோ?”

“இருக்கினம். உரோமைச் சாமியளைக் கும்பிடுற ஆக்கள். அவைக்குத் தெரியாமல்தான் நிலவறைக்குள்ளை ஞானஸ்நானம் எடுத்தவள்.”

“பெத்ததுகளுக்குச் சொல்லாமலோ? அந்தத் தகப்பன் உம்மடை நாடகத்திலை ஏன் வரேல்லை?”

“அவனுக்கு வசனம் இல்லை அண்ணை!” ஞானப்பிரகாசம் கைகூப்பினார். “உங்கடை காலிலை விழுறன். மாதாவுக்கு வாக்குக் குடுத்தனான். தீர்ப்பைச் சொல்லுங்கோ!”

தவராசா தலைக்கவசத்தைப் போட்டுக்கொண்டு சாம்பிராணித் தட்டை நீட்டினார். புகை எழும்பினால் தீ மணி அடிக்கும் என்று மண்டபத்தைப் பராமரிக்கும் ஹவுஸ்மைஸ்டர் சொல்லியிருந்ததால் அது வெறுந்தட்டு.

“பெண்ணே! மும்முறை கேட்டோம். நீ கிறிஸ்தவளோ?”

“கிறிஸ்தவளே!”

அடுத்தது தீர்ப்பு. ஞானப்பிரகாசம் மூச்சைப் பிடித்துக்கொண்டார்.

தவராசா மெல்லக் குனிந்தார். “ஏன் பிள்ளை வீட்டிலை சொல்லேல்லை?”

கொப்பி பறந்துபோய்ச் சுவரில் விழுந்தது.

டெல்சி குழம்பிப்போய் இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள். கொப்பியில் இல்லாத கேள்வி. ஆனால் தேசாதிபதி பதிலுக்குக் காத்து நின்றார்.

“சொன்னால் அப்பா அழுவார் எண்டு பயந்திருப்பாள், மாமா,” என்றாள் யோசித்து. “அவரிலை கோவமெண்டில்லை. அவரை விட்டிட்டுப் போற எண்ணமும் இல்லை. வாய் ஒண்டு, மனசு ஒண்டா நிக்க அவளாலை ஏலாமல் போயிருக்கும். அவ்வளவுதான்.”

“அவரிலை கோவமில்லையோ?”

“இல்லை மாமா. கோவமெண்டால் சொல்லிப்போட்டெல்லோ போயிருப்பாள்.”

தவராசா தட்டைக் கீழே வைத்தார். பிறகு நிமிர்ந்தார்.

“இவளை வாளுக்கு இரையாக்குங்கள்!”

மண்டபம் அதிர்ந்தது. ஞானப்பிரகாசம் மேடைக்குத் தாவி அவரைக் கட்டிப்பிடித்தார். “இது! இதைத்தான் கேட்டனான் அண்ணை! நாளைக்கும் இப்பிடியே!”

ஐந்து மணிக்கு ஐந்து நிமிடம் இருந்தது. அவர் யன்னல்களைப் பூட்ட ஓடினார்.

டெல்சியின் கைக்கட்டை அவிழ்த்தபடி தவராசா குரலைத் தாழ்த்தினார். “பிள்ளை, ஈஸ்டருக்கு என்ரை மகள் சாரங்காவுக்கு ஞானஸ்நானம் எண்டு உங்கட கோயிலிலை இருந்து கடிதம் வந்தது, நான் உடைச்சுப் பார்த்தது அவளுக்குத் தெரியாது. அண்டைக்குப் பெட்டை வெள்ளைதான் உடுக்க வேணுமோ, இல்லாட்டி நான் ஒரு பட்டுச்சீலை எடுத்துக் குடுக்கலாமோ?”