மாமியாரின் ஒற்றை முடி

குழந்தை யூன் பிறந்து முப்பது நாள் ஆகிறது. என் மாமியார் அதற்கு ஒரு முத்தம்கூடக் கொடுக்கவில்லை.

குளிப்பாட்டுவார். துணி மாற்றுவார். எனக்கு இஞ்சி தட்டிப் போட்டுப் பத்தியக் கோழி சமைப்பார். ஆனால் யூனைத் தூக்கும்போது மட்டும் முகத்தை அந்தப் பக்கம் திருப்பிக்கொள்வார்.

"பொண்ணாப் போச்சுன்னு அம்மாவுக்குக் கோபமோ?" என்று கணவரிடம் கேட்டேன்.

"ஆரம்பிச்சிட்டியா? நேத்து குழந்தை ரொம்பத் தும்முதுன்னு பயந்தே. இன்னிக்கு இதுவா?" என்றார்.

எனக்கு அது உறுத்திக்கொண்டே இருந்தது. பிடிக்காத பிள்ளையாகவே வளர்ந்துவிடுமோ?

மாதம் முடிந்தால் பிள்ளை பெற்றவளுக்கு முகத்தில் நூல் போட்டுப் பூனை முடியை எடுக்க வேண்டும். எங்கள் பினாங்குச் சீனர் தெருவில் எல்லா வீட்டுக்கும் சுவான் அக்காதான். அறுபதைத் தாண்டியவர். வெள்ளைப் பொடியும் நூல்கண்டுமாகக் காலையிலேயே வந்துவிட்டார். நூலின் ஒரு முனை அவர் பல்லில், மற்றது இரண்டு கை விரல்களில். வேலை நடக்கும்போது அவரால் பேச முடியாது. நாம் பேசிக்கொண்டே இருக்கலாம்.

"அக்கா, தாடையில ஒண்ணு முளைச்சிருக்கு. எனக்கு இருபத்தெட்டுதான் ஆகுது!"

கான்வென்டில் ஸ்கொலாஸ்டிகா சிஸ்டரின் தாடை முடிகளை எண்ணிச் சிரித்தவர்களில் நானும் ஒருத்தி. அந்தப் பாவம்தான் முளைக்கிறதோ என்று பயம்.

சுரீரென்று ஒரு இழுப்பு. அக்கா நூலை வாயிலிருந்து எடுத்தார்.

"போயிடுச்சு. ஒத்தை முடிக்கே இந்த அலறலா? அம்பது வரட்டும், தோட்டமே போடலாம்."

அடுத்து மாமியார் உட்கார்ந்தார்.

"மேலுதட்டுல மட்டும் போடு சுவான். கண்ணாடியில பாத்தா போலீஸ்காரன் நிக்கறான்."

முன்பக்கம் எங்கள் பிஸ்கட் கடை. அங்கிருந்து மாமனாரின் குரல் வந்தது.

"சுவான்! அந்த மச்சத்துப் பக்கம் நூல் போகக் கூடாது. சொல்லிட்டேன்!"

மாமியாரின் தாடையில் ஒரு மச்சம். அதில் அரை விரல் நீளத்துக்கு ஒரே ஒரு கறுப்பு முடி, கம்பி மாதிரி. அது முளைத்த வருஷம்தான் கடை சூடு பிடித்ததாம். மச்சத்தில் முளைத்த முடி அதிர்ஷ்டம். நாமாக அதில் கை வைத்தால் குடும்பத்துக்கே ஆகாது. புத்தாண்டன்று எங்களுக்கெல்லாம் புதுத்துணி. அதற்கு எண்ணெய்க் காப்பு. மாமனாரே தடவி விடுவார்.

"ம்ம்," என்றார் சுவான் அக்கா, பல்லில் நூலோடு.

சரக், சரக், சரக்.

"ஐயோ!" மாமியார் தாடையைப் பிடித்துக்கொண்டு அலறினார். "என் முடி! என் அதிர்ஷ்டம் போச்சே!"

மாவுக் கையோடு மாமனார் ஓடி வந்தார். யூன் வீறிட்டாள்.

"உனக்குக் கண்ணு அவிஞ்சு போச்சா?"

"தப்புதான் முதலாளி. வயசாச்சு. எல்லாம் ரெண்டு ரெண்டாத் தெரியுது."

"ரெண்டாத் தெரிஞ்சா ஒண்ணையாவது விட்டு வச்சிருக்கலாமே! நூலைத் தூக்கிப் போட்டுட்டு வீட்டுல உக்காரு!"

சுவான் அக்கா தலையைக் குனிந்துகொண்டு நின்றார். பாவமாகத்தான் இருந்தது. ஆனாலும் இந்தக் கண்ணை நம்பியா என் இமைக்குப் பக்கத்தில் நூல் விடச் சொன்னேன் என்று எனக்கு வியர்த்துவிட்டது.

மாமனார் தரையில் தேடி முடியைக் கண்டெடுத்தார். சிவப்புக் காகிதத்தில் மடித்துச் சாமி மாடத்தில் வைத்தார். கொஞ்ச நேரம் அதையே பார்த்துக்கொண்டு நின்றார்.

"நாமளா பிடுங்கல. தானாப் போனதுக்கு யாரு என்ன செய்ய முடியும்? அழாதே லியான்," என்று மாமியாரிடம் சொல்லிவிட்டுக் கடைக்குப் போனார்.

மாமியார் மூக்கைச் சிந்தினார். கையைக் கழுவிக்கொண்டு என்னிடம் வந்தார்.

"குடு, இப்படி."

யூனை வாங்கினார். அவள் கன்னத்தோடு கன்னம் வைத்து இழைத்தார். முத்தம் கொடுத்தார். நெற்றியில், மூக்கில், கழுத்து மடிப்பில். முப்பது நாள் பாக்கியும் ஒரே மூச்சில் தீர்ந்தது.

"பொறந்த அன்னிக்கே கொஞ்சினேன்மா. நீ மயக்கத்துல இருந்தே. அந்தச் சனியன் பிடிச்ச முடி குத்தி, பிள்ளையோட கண்ணே செவந்துபோச்சு. உங்கிட்ட சொன்னா நீ ஊரைக் கூட்டுவே. அதான் மூஞ்சிய தள்ளியே வச்சிருந்தேன்."



முப்பதாம் நாள் விருந்துக்கு அவித்துச் சாயம் போட்டு வைத்திருந்த சிவப்பு முட்டைகளில் நாலை எடுத்துக்கொண்டு பின்வாசலுக்கு ஓடினேன். சுவான் அக்கா செருப்பை மாட்டிக்கொண்டிருந்தார்.

"எங்களால திட்டு வாங்கிட்டீங்க. எனக்குத் தெரிஞ்ச நல்ல கண் டாக்டர் ஒருத்தர் இருக்காரு அக்கா. கூட்டிட்டுப் போகட்டுமா?"

அவர் எட்டி என் தோளில் ஒட்டியிருந்த எதையோ இரண்டு விரலால் எடுத்தார். வெளிச்சத்தில் தூக்கிக் காட்டிய பிறகுதான் எனக்கே தெரிந்தது. யூனின் பூனை முடி ஒன்று.

"டாக்டரா?" உள்ளே எட்டிப் பார்த்துக் குரலைத் தாழ்த்தினார். "உன் மாமியாருக்கு அழ நல்லா வருது. எதிர்வீட்டுக்காரி தன் மச்ச முடி போனப்போ சிரிச்சே காட்டிக் குடுத்துட்டா."

முட்டைகளைப் பையில் போட்டுக்கொண்டார்.

"இந்த வருஷம் இந்தத் தெருவுல எனக்குக் கண்ணு தெரியாமப் போனது இதோட நாலாவது தடவைம்மா."